ஒன்றரை அடி ஆழம்

— ...ஆக, மண்ணுக்கு வலிக்காம தோண்டப் போற. தோண்டி முடிச்சதும் தலை துவட்டி, பவுடர் போட்டு விடுவியா மச்சினி?

— பவுடர் எங்க லாரியில இல்லங்க அத்தான். தண்ணியும் காத்தும்தான். தண்ணிய வேகமா அடிச்சா மண்ணு குழம்பாகும். அந்தக் குழம்ப இந்தக் குழாய்த் தும்பிக்கை உறிஞ்சி டேங்குல போட்டுக்கும். கேபிள், குழாய், மரத்து வேர், எதுவும் அறுபடாது. ஒரு சூப்பர்வைசருக்குப் புரியுற மாதிரி சொல்லணும்னா, நாங்க குழல் போட்டு ஜூஸ் குடிக்கிறவங்க. நீங்க டம்ளரக் கடிச்சுக் குடிக்கிறவரு.

— என் இருபத்திரெண்டு வருஷ சர்வீஸ்ல தெருவ ஜூஸ் மாதிரி குடிச்ச ஆளப் பாத்ததே இல்ல.

— அந்த இருபத்திரெண்டு வருஷத்துல எத்தனை குழாய அறுத்தீங்கன்னும் சேத்துச் சொல்லுங்களேன்.

— அறுக்கல. தானா விட்டுப்போச்சு.

— ஆமா, உங்க பக்கெட்டப் பாத்து வெக்கப்பட்டு விட்டுப்போச்சு.

— மாப்ள! குடும்பச் சண்டைய வீட்டுல வச்சுக்கங்க. நான் பொக்லைன்ல ஏறி உக்காந்து முக்கால் மணி நேரமாச்சு. பக்கெட்ட எறக்கச் சொன்னா எறக்குறேன், தூங்கச் சொன்னா தூங்குறேன். எனக்கென்ன போச்சு.

— கேட்டியா மச்சினி? உங்க அண்ணன் தங்கம். சொன்னதச் செய்வான், கேள்வி கேக்க மாட்டான்.

— அதான் அத்தான் பயமா இருக்கு. அண்ணே, மொதல்ல அந்த லீவர்லேர்ந்து கைய எடு.

— ஏன் பாப்பா?

— நீ உக்காந்திருக்கிறது பத்து டன் இரும்பு. கீழ ஓடுறது பதினோராயிரம் வோல்ட். அது எங்க ஓடுதுன்னு கண்ணால பாக்குற வரைக்கும் உன் பக்கெட் தரையத் தொடக் கூடாது.

— அப்ப கரன்ட்ட நிறுத்தச் சொல்லேன்.

— எதிர்ல பாரு, டயாலிசிஸ் சென்டர். இருபது பேரு மெஷின்ல ரத்தத்த விட்டுட்டுப் படுத்திருக்காங்க. நீ போய் ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்லு, "எங்க மாப்ளைக்கு அவசரம், கொஞ்சம் ரத்தத்தப் பிடிச்சு வச்சுக்கங்க"ன்னு.

— சும்மா அவனப் பயமுறுத்தாத. இந்தா, பிளானப் பாரு. கேபிள் அஞ்சடி ஆழம். ஒழுகுற குடிதண்ணிக் குழாய் ஆறடி. மச்சான் மேல இருக்கிற மூணடிய மட்டும் வாரிப் போட்டுட்டு எறங்கிடுவான், மிச்சத்தக் கையால தோண்டிக்கலாம். நடுவுல ரெண்டடி பாக்கி இருக்கு, அதுல ஒரு வீடே கட்டலாம்.

— பிளான் போட்டது யாரு?

— நான்தான். பன்னெண்டு வருஷத்துக்கு முன்னாடி இந்த கேபிளப் பொதைச்சதே நான். கீழ பாரு, கையெழுத்து.

— பாத்தேன். "அஞ்சடி"ன்னு எழுதி, அதுக்கு ரெண்டு அடிக்கோடு வேற. உண்மைய எழுதுறவன் எவனும் அடிக்கோடு போட மாட்டான் அத்தான்.

— நீ ஒரு லாரி வச்சிருக்கேன்னு நீதிபதி ஆயிட முடியாது. மச்சான், எறக்குடா பக்கெட்ட!

— எங்க எறக்க மாப்ள? காலையிலேர்ந்து நீங்கதான் கரெக்டா அந்த இடத்துல நாற்காலி போட்டு உக்காந்திருக்கீங்க. எறக்குனா உங்க மடியிலதான் எறக்கணும்.

— எந்திரிக்கிறேன், எந்திரிக்கிறேன். முட்டி வலிக்குது. அதுக்குள்ள இவ ஏதோ சொல்ல வர்றா, அதையும் கேட்டுடுவோம். சொல்லு தாயே.

— நான் ஒண்ணும் ஆசப்பட்டு வரல. எங்க ஆபீஸுக்கு யாரோ போன் பண்ணி மெரட்டியிருக்காங்க. "இந்தத் தெருவுல தண்ணி அடிச்சுத்தான் தோண்டணும், இல்லன்னா மேலிடத்துக்கு எழுதுவேன்"னு. அதோட நிறுத்தல. "அங்க இருக்கிற சூப்பர்வைசர் ஒரு அரைவேக்காடு, அவன நம்புனா தெருவே பொசுங்கிடும்"னாங்களாம்.

— அரைவேக்காடா? எவன் அவன்?

— பேரு சொல்லல. மூக்கப் பிடிச்சுக்கிட்டுப் பேசுன மாதிரி இருந்துச்சாம். ஆனா உங்கள ரொம்ப நாளாத் தெரிஞ்சவரு போல. அவ்வளவு துல்லியமாத் திட்டியிருக்காரு.

— பொறாம புடிச்சவன். ஒழுக்கமான ஆளுக்கு எதிரிங்க ஜாஸ்தி. என் வேலையிலயும் சரி, வாழ்க்கையிலயும் சரி, ஒரு கறை கெடையாது. உங்க அக்காவத் தவிர ஒரு பொண்ண நான் நிமிந்து பாத்ததில்ல.

— தெரியும் அத்தான். வருஷா வருஷம் கல்யாண நாளன்னிக்கு அக்கா அதச் சொல்லி அழுவா. சந்தோஷத்துலதான். சரி, நாற்காலியத் தள்ளிப் போடுங்க. ஒரு மணி நேரம் குடுங்க. அஞ்சடியில கேபிள் இருந்தா, நான் லாரிய எடுத்துட்டுப் போய் உங்க வீட்டுக் கழிவுத் தொட்டிய சும்மா உறிஞ்சித் தர்றேன்.

— இல்லன்னா?

— இல்லன்னா என்னன்னு கேபிளே சொல்லும். அண்ணே, வண்டிய அணைச்சுட்டு எறங்கு. காதடைக்குது.

— எறங்கிட்டேன் பாப்பா. எனக்கென்ன போச்சு. ஆமா, கரன்ட்டு இருக்கிற எடத்துல நீ தண்ணி அடிக்கப் போறியே, உனக்கு மட்டும் ஒண்ணும் ஆகாதா?

— தண்ணி அடிக்கிற கம்பியில கரன்ட் ஏறாத முனை மாட்டியிருக்கு. ரப்பர் பூட்ஸு, ரப்பர் கையுறை, காலுக்குக் கீழ பாய். தண்ணி வேகத்தையும் கொறச்சு வச்சிருக்கேன், கேபிள் தோல் உரியாம. உன் பக்கெட்டுல வேகம் கொறைக்கிற திருகு இருக்கா?

— இருக்கு. நான் தூங்குறதுதான் அது.

— தள்ளி நில்லுங்க ரெண்டு பேரும். தொறக்குறேன்.

— இதான் குழியா? சோத்துத் தட்டு அகலம்கூட இல்ல! என் சர்வீஸ்ல நாங்க தோண்டுனா தெரு பூரா தெரியும்.

— தெரியும்தான். மூணு மாசத்துக்குத் தெரியும். அப்புறம் தூசியில ஒண்ணும் தெரியாது. நான் எடுத்த மண்ணு டேங்குல பத்திரமா இருக்கு. வேல முடிஞ்சதும் இதே ஊருக்குள்ள பள்ளம் ரொப்பப் போகும். நீங்க எடுக்குற மண்ணு சாக்கடைக்குத்தான் போகும்.

— மாப்ள, இங்க பாருங்களேன்! மரத்து வேரு. கழுவி வச்ச மாதிரி அப்படியே நிக்குது. சுத்தி மண்ணு மட்டும் போச்சு!

— வேரப் பாக்கத்தான் வேலைக்கு வந்தியாடா?

— இல்ல மாப்ள, போன வருஷம் பக்கத்துத் தெருவுல இதே மாதிரி ஒண்ண நான் ஒரே கடியில எடுத்தேன். மறுவாரம் காத்தடிச்சு மரம் ஒரு கார் மேல உக்காந்துச்சு. நல்லவேளை, கார்ல யாரும் இல்ல. நீங்க "இயற்கைச் சீற்றம்"னு எழுதிக் குடுத்தீங்க.

— காத்து இயற்கைதானே?

— உங்க எழுத்துத் திறமைக்கு நீங்க சூப்பர்வைசரா இருக்கிறது எங்களுக்கெல்லாம் நஷ்டம் அத்தான். ஒரு நிமிஷம். ஒரு நிமிஷம்... ஏதோ தட்டுது.

— கல்லா இருக்கும்.

— கல்லுதான். சிமென்ட் மூடிக்கல்லு. கேபிளுக்கு மேல வைக்கிற மூடிக்கல்லு. அண்ணே, அந்த அளவுகோல எடு. மரக்கோல எடு, இரும்பு வேணாம்.

— இந்தா. எவ்வளவு பாப்பா?

— ஒன்றரை.

— ஒன்றரை மீட்டரா? அப்ப அஞ்சடி, மாப்ள சொன்னது கரெக்டு!

— ஒன்றரை அடிண்ணே.

— பாப்பா, என் பக்கெட் மொதக் கடியே ரெண்டடி எடுக்கும்.

— தெரியும்.

— மாப்ள எறக்குன்னாரு. நாற்காலி மட்டும் அங்க இல்லன்னா நான் எறக்கியிருப்பேன். கேள்வி கேக்காம எறக்கியிருப்பேன். எனக்கு ரெண்டு கொழந்தைங்க மாப்ள.

— அண்ணே, நீ அந்த நெழல்ல போய் உக்காரு. தண்ணி குடி. நான் உன் மாப்ளையோட பேசணும். அத்தான், இங்க வாங்க. பக்கத்துல வாங்க, வேரு ஒண்ணும் கடிக்காது. இந்த ஒன்றரை அடிக்கு ரெண்டு அடிக்கோடு போட்டு அஞ்சடின்னு எழுதுனது எப்படின்னு எனக்குப் பாடம் எடுங்க.

— அன்னிக்கு... பாற தட்டுப்பட்டுச்சு.

— கல்லுக்குப் பக்கத்துல இன்னும் ரெண்டடி மரக்கோலால குத்திப் பாத்துட்டேன். களிமண்ணு. வெண்ண மாதிரி எறங்குது.

— மழ வந்துச்சு.

— அத்தான், மூடிக்கல்லக் கழுவிட்டேன். சிமென்ட்டு ஈரமா இருக்கும்போது யாரோ ஆணியால கீறியிருக்காங்க. ஒரு இதயம். அதுக்குள்ள ஒரு அம்பு. நடுவுல எங்க அக்கா பேரோட மொத எழுத்து.

— ...அஞ்சரை மணி பஸ்ஸுல உங்க அக்கா வேல விட்டு வருவா. அத விட்டா மறுநாள்தான் பாக்க முடியும். குழி ஒன்றரை அடியில நிக்கும்போது மணி அஞ்சே கால்.

— ஒரு பஸ்ஸுக்காக.

— ஒரு பஸ்ஸுக்காக. "நாளைக்கு வந்து ஆழப்படுத்திக்கலாம்"னு கேபிளப் போட்டு, கல்ல வச்சு மூடிட்டேன். அந்த நாளைக்கு இன்னும் வரல.

— தெரிஞ்சுக்கிட்டேவா எங்க அண்ணன எறக்கச் சொன்னீங்க?

— வாயால சொன்னேன். காலையில ஆறு மணியிலேர்ந்து அது மேல நாற்காலி போட்டு யாரு உக்காந்திருந்தா? ஒண்ணுக்குக்கூடப் போகல, மச்சினி.

— இருங்க. அப்ப அந்த போன்...

— மூக்கப் பிடிச்சுக்கிட்டு அவ்வளவு நேரம் பேசுறது லேசு இல்ல. நேர்ல வந்து "என் பிளான் பொய்"னு சொல்ல வாய் வரல. போன்ல என்னையே திட்டுறது சுலபமா இருந்துச்சு.

— "அரைவேக்காடு"?

— அது சும்மா ஒரு நம்பகத்தன்மைக்கு.

— உங்களத் திட்டலாம்னு வாயத் தொறந்தேன். நீங்களே நல்லாத் திட்டி முடிச்சிருக்கீங்க. அண்ணன் உசுரோட இருக்கான், எதிர்ல இருபது பேருக்கு ரத்தம் ஓடுது, பிளான மட்டும் இன்னிக்கே திருத்தி எழுதிக் குடுங்க. அக்காவுக்கு இந்தக் கல்ல போட்டோ எடுத்து அனுப்பவா? பன்னெண்டு வருஷத்துக்கு அப்புறம் ஒரு காதல் கடிதம்.

— அனுப்பு. இதையும் இதே கையோட சொல்லிடறேன். உன் லாரிய நாளையிலேர்ந்து இன்னும் பதினோரு தெருவுக்குச் சொல்லி வச்சிருக்கேன். மூக்கப் பிடிக்காமதான் பேசுனேன்.

— பதினொண்ணா? எல்லாமே ஒன்றரை அடியா?

— ஒண்ணு ஒரு அடி.

— கடவுளே! பன்னெண்டு தெருவுலயும் குழிய அப்படியே போட்டுட்டு எங்க அக்காவப் பாக்க ஓடியிருக்கீங்க! இப்படி ஒரு புருஷன் யாருக்கு அத்தான் கெடைக்கும்?

— அதான் மச்சினி, அந்தப் பதினொண்ணையும் நீ ஒத்த ஆளா வந்து தோண்டணும், போட்டோ எடுக்கக் கூடாது. அந்தக் கல்லுல எதுலயும் இருக்கிறது உங்க அக்கா பேரோட எழுத்து இல்ல.