கேமரா மேல போட்ட துண்டு

ஹலோ... ஆ, சொல்றா நோயல்... ஆமா... ஆமா... கேமராவா? கேமராவுக்கு ஒண்ணும் ஆகல. நான்தான் மேல துண்டு போட்டு மூடினேன்... நான்தாண்டா, உங்க அக்கா மௌரீன். வேற யாரு இந்த வீட்ல துண்டு போடப் போறாங்க?

உன் நாயி உயிரோடதான் இருக்கு. அதுக்கென்ன, ராஜா மாதிரி இருக்கு. இப்பதான் நாஷ்டா முடிச்சுது... ஆமா, அந்தப் பச்சைத் தட்டுலதான். பள்ளம் பள்ளமா இருக்கே, நீ அனுப்புனது. கஷ்டப்பட்டு நக்கிச் சாப்ட்டாதான் நாய்க்கு மூளை வளரும்னு எழுதியிருந்தியே. படிச்சேன். மனுஷங்களுக்கு அப்படி ஒரு தட்டு கிடைக்குமான்னு கேக்கணும்னு நெனச்சேன், மறந்துட்டேன்.

பாத்தேண்டா. பதினோரு வீடியோ அனுப்பிச்ச, பதினொண்ணும் பாத்தேன். எட்டாம் கிளாஸ் பேப்பர் நாப்பது திருத்தாம கிடக்கு, ஆனா நாய்க்கு போர் அடிச்சா என்ன பண்ணணும்னு எனக்கு இப்ப தலைகீழாத் தெரியும்... கேக்கறியா? சரி, கேளு. பழைய துண்டுல பிஸ்கெட்ட வெச்சு சுருட்டிக் குடுக்கணும். ஒரே பொம்மைய தினமும் குடுக்கக் கூடாது, ஒளிச்சு வெச்சு மாத்தி மாத்திக் குடுக்கணும், இல்லன்னா அதுக்கு வாழ்க்கை வெறுத்துடும். வாக்கிங்ல இழுக்கக் கூடாது, மோந்து முடிக்கற வரைக்கும் நிக்கணும். பாஸா? மார்க்கு போட்டுக்கோ.

நின்னேனே. நேத்து சாயங்காலம் ஒரே லைட்டுக் கம்பத்துகிட்ட ஏழு நிமிஷம் நின்னேன். என் கிளாஸ் பையனோட அப்பா ஸ்கூட்டர நிறுத்தி, மிஸ், யாருக்காவது வெயிட் பண்றீங்களான்னு கேட்டாரு. இல்ல சார், நாய் படிச்சிட்டிருக்கு, முடிக்கட்டும்னு சொன்னேன். அந்த மனுஷன் இனிமே பிடிஏ மீட்டிங்குக்கு வருவாருன்னு எனக்குத் தோணல.

நான் எங்கடா கிண்டல் பண்றேன். நீ சொன்னதத்தானே பண்றேன். ஒரு மாசம்னு சொல்லி விட்டுட்டுப் போன. புது ஃப்ளாட்ல டைல்ஸ் வேலை நடக்குது, தூசி நாய்க்கு ஒத்துக்காதுன்ன. உனக்கு ஒத்துக்கும் போல. நாலு மாசம் ஆச்சு... பரவால்ல, பரவால்ல, நான் கணக்கு சொல்லல. உன் மச்சான் கிளிஃபர்டோட கொயர் ஷூ ஒண்ணு போச்சு, அதோட சரி. அவரு இப்ப சாண்டல் போட்டுட்டுப் பாடறாரு. புது ஃபாதருக்குப் பிடிச்சிருக்கு, சிம்ப்பிளா இருக்கீங்கன்னாராம்.

என்னது?

நாளைக்கா... நாளைக்கு ஞாயித்துக்கிழமைடா... இல்ல, பூசை முடிஞ்சு வீட்லதான் இருப்போம்... கூண்டோட வரியா. சரி... சரி... இரு, நான் கிச்சனுக்குப் போய்ப் பேசறேன். இங்க ஹால்ல வேணாம்.

ம், இப்ப சொல்லு... கூட்டிட்டுப் போய் டே கேர்ல விடப் போறியா? நாய்க்கு டே கேர். வேன் வந்து கூட்டிட்டுப் போகுமா, நல்லது. எங்க ஸ்கூல்லயே எல்கேஜிக்கு வேன் இல்ல... ஆமா, மத்த நாய்ங்களோட பழகணும், கரெக்ட். நாள் ஃபுல்லா நாலு செவத்துக்குள்ள இருந்தா டிப்ரஷன் வரும், கரெக்ட். யாரும் பேச்சுக் குடுக்கலன்னா அது பேசாம ஒரு மூலைல கிடக்கும், அப்பறம் சாப்பாடும் வேணாம்னு சொல்லும். ரொம்ப கரெக்டுடா. இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியுது?

ஓ, கேமரால பாத்துப் பாத்துக் கத்துக்கிட்டியா. கேமரால வேற என்ன தெரிஞ்சுது?... இல்ல, சும்னேதான் கேக்கறேன். சொல்லேன்... தண்ணிக் கிண்ணம். அப்பறம்?... டீவி. அப்பறம்?... செருப்புப் பொட்டிங்க. ஆமா, அதுக்கு வரேன். அப்பறம்?

கிண்ணத்துக்கும் டீவிக்கும் நடுவுல ஒரு நீலச் சேர் இருக்கு. அதுல ஒருத்தர் உக்காந்திருப்பாரு. வெள்ளை பனியன். எழுபத்திமூணு வயசு. பேரு ஃபிராங்க்ளின். ஞாபகம் வருதா? உன் ஆபீஸ் கார்டுல நோயல்னு போட்டு அதுக்குப் பின்னாடி போட்டிருக்கியே, அதே ஃபிராங்க்ளின்தான்.

தெரியும், அந்தக் கேமரா நாய் பின்னாடிதான் திரும்பும். நீ ஸ்டூல் போட்டு மாட்டும்போதே சொன்னியே, ஆட்டோமேட்டிக்னு. நல்ல கேமரா. அன்னிக்கு வந்ததுதான் நீ கடைசியா வந்தது. பத்து நிமிஷம் இருந்த, அதுல எட்டு நிமிஷம் ஸ்டூல் மேல இருந்த.

நான் எதுக்குக் கத்தறேன்? கத்தல. டாடிக்கு ஸ்ட்ரோக் வந்து எட்டு மாசம் ஆச்சு. ஆஸ்பத்திரில டாக்டர் என்ன சொன்னாரு, நீயும்தான் பக்கத்துல நின்ன. சும்னே உக்கார வெக்காதீங்க, கைக்கு வேலை குடுங்க, மூளைக்கு வேலை குடுங்க, பேச்சுக் குடுத்துட்டே இருங்கன்னாரு. நீ தலைய ஆட்டுன. நானும் ஆட்டுனேன். அப்பறம் நீ ஹெப்பகோடில உன் வீட்டுக்குப் போன, நான் ஸ்கூலுக்குப் போனேன், அவர் டீவி முன்னாடி உக்காந்தாரு... உன்ன மட்டும் சொல்லலடா. நானும்தான். சாப்பாடு குடுத்தேன், மாத்திரை குடுத்தேன், வேலை முடிஞ்சுதுன்னு நெனச்சேன். நாய்க்கு அனுப்புன மாதிரி அவருக்கும் ஒரு வீடியோ யாராவது அனுப்பியிருந்தா தெரிஞ்சிருக்குமோ என்னவோ.

ஆ, அந்தப் பொட்டிங்க. போன வாரம் மெசேஜ் போட்ட, ஹால்ல என்ன அவ்ளோ குப்பை, நாய் அட்டைய முழுங்கிடும்னு. அது குப்பை இல்ல. டாடி பண்ணது... நான் எங்க பண்ணேன், டாடிதாண்டா.

ஒரு நாள் உன் வீடியோ ஒண்ணு ஓடிட்டிருந்தது. பொட்டிக்குள்ள பிஸ்கெட்ட ஒளிச்சு வெச்சு நாயத் தேட விடுங்க, அதுக்கு மூளை வேலை செய்யும்னு. போன அவர்கிட்ட வெச்சிட்டு நான் சாம்பார் தாளிக்கப் போனேன். திரும்பிப் பாத்தா சேர்ல ஆளக் காணோம். ஷூ ராக்குகிட்ட நிக்கறாரு. இடது கையால ஒவ்வொரு பொட்டியா எடுத்து செவத்தோரமா அடுக்கறாரு. மூணு வரிசை, ஒரு இஞ்சு கூட முன்ன பின்ன இல்ல. முப்பத்தஞ்சு வருஷம் தபால் பிரிச்ச மனுஷன், கை மறக்குமா? அப்பறம் என் பேனாவக் காமிச்சு, குடுன்னு கைய நீட்டுனாரு. ஒவ்வொண்ணுலயும் நம்பர் போட்டாரு. கோணல் மாணலாதான். எட்டு. நாப்பத்தேழு.

லாட்டரி நம்பர் இல்லடா. பெங்களூர் பின்கோடு. கடைசி ரெண்டு நம்பர். எட்டுன்னா அல்சூர், நாப்பத்தேழுன்னா நம்ம ஆஸ்டின் டவுன்... ஹெப்பகோடிக்கும் இருக்கு. தொண்ணூத்தொம்போது... இல்ல, அதுல இது வரைக்கும் ஒண்ணும் வெக்கல. உனக்கு எதுக்குடா ரோஷம் வருது, அந்தப் பக்கம் டெலிவரி இருந்தா வெக்க மாட்டாரா?

தினமும் பத்து மணிக்கு ட்யூட்டி. குளிச்சு, சட்டை மாத்திட்டுதான். பனியனோட பிஸ்கெட் வெக்க மாட்டாரு. நாய பெட்ரூம்ல விட்டுக் கதவ சாத்துவாரு, பிஸ்கெட்ட உடைச்சுப் போடுவாரு, கதவத் திறப்பாரு. அது மூக்க வெச்சுத் தேடும். தப்பான பொட்டில மூக்க வெச்சா, டேய்ம்பாரு. அதான் இப்ப அதுக்குப் பேரு... ஆமா, டேய். வாஃபிள்னு கூப்ட்டா அது காதக் கூட ஆட்டறதில்ல. சாரி, உனக்கு முன்னாடியே சொல்லியிருக்கணும்.

சரியான பொட்டியக் கண்டுபிடிச்சா நம்பர் சொல்லுவாரு. மொத வாரம் எட்டு மட்டும்தான் வாயில வந்தது. எது கிடைச்சாலும் எட்டுதான். இப்ப பதினாறு நம்பர் சொல்றாரு. வேலைக்கு வர சந்திரம்மாகிட்ட கன்னடத்துலயே சொல்றாரு. போன புதன்கிழமை என்னப் பாத்து, சாம்பார்ல உப்பு இல்லன்னாரு. முழுசா, மூணு வார்த்தை. நான் கரண்டியக் கீழ போட்டுட்டு அழுதேன். உப்பு நெஜமாவே இல்ல.



இப்ப துண்டு எதுக்குன்னு சொல்றேன். நேத்து மத்தியானம் ஆபீஸ்லேர்ந்து கேமரால பேசுனியா?... லஞ்ச் டைம்ல. என்ன சொன்ன?... ஞாபகம் இருக்கே, சொல்லு... அதான். கண்ணா, நான் வந்துட்டேன் பாரு, எங்க இருக்கன்னு கேட்ட... நாய்க்குதான் சொன்ன. எனக்குத் தெரியும். அவருக்கு எப்படித் தெரியும்?

உன் குரல் கேட்டதும் சேர்லேர்ந்து எழுந்துட்டாராம். கைத்தடி கூட எடுக்கல. நேராப் போய் வாசக்கதவத் திறந்துட்டு நின்னாராம். சந்திரம்மா பாத்திரம் கழுவி முடிச்சு, மாடில துணி காயப் போட்டுட்டு வந்தாங்க, அப்பவும் நிக்கறாரு. உள்ள வாங்க சார்னா, கைய இப்படிக் காமிக்கறாரு, இருன்னு. ரெண்டு மணி நேரம்டா. நான் ஸ்கூல்லேர்ந்து வரும்போது சேர வாசல்ல இழுத்துப் போட்டு உக்காந்திருக்காரு, பக்கத்துல நாயி. ரெண்டு பேரும் ரோட்டப் பாத்துட்டு. உள்ள வந்தேன், கைல முகம் துடைக்கற துண்டு இருந்தது, கேமரா மேல போட்டேன். அவ்ளோதான் நடந்தது. வாரன்டி எல்லாம் அப்படியே இருக்கு.

பேசு... ம்... ம்... அவர அப்படிப் பாக்க முடியலயா. சரி. நெஜமாச் சொல்ற, அது வரைக்கும் சந்தோஷம்.

எனக்கும் முடியலடா. மொத மாசம் அவர் தண்ணின்னு சொல்ல வாயக் கோணிக் கோணிப் பாப்பாரு, நான் கிச்சன்ல போய்க் குழாயத் திறந்து விட்டுட்டு நிப்பேன், அந்தச் சத்தம் காதுல விழக் கூடாதுன்னு. பெத்த பொண்ணு, டீச்சர் வேற. இந்த நாயி அப்படி இல்ல. அவர் சொல்லி முடிக்கற வரைக்கும் தலைய சாய்ச்சிட்டு உக்காந்திருக்கு. பிஸ்கெட்டுக்குதான், ஒத்துக்கறேன். நமக்கு பிஸ்கெட் குடுத்திருந்தா நாமளும் உக்காந்திருப்போமா?

வா. நாளைக்கு வா. நான் வேணாம்னு சொல்லவே இல்லயே. தடுப்பூசி கார்டுல உன் பேருதான் இருக்கு. ஹெப்பகோடிக்கு மெட்ரோவே வந்துடுச்சு, இனிமே சில்க் போர்டு ட்ராஃபிக்ல மாட்டிக்கிட்டேன்னு கூட உன்னால சொல்ல முடியாது... ஆமா, நாய மெட்ரோல விட மாட்டாங்க. திரும்பிப் போக கார்லயே வா.

ஆனா நான் எடுத்துக் குடுக்க மாட்டேன்... சண்டை இல்லடா. நான் குடுக்கற பொருள் இல்ல அது. டாடியக் கேளு. டாடி, நான் நாய எடுத்துட்டுப் போறேன்னு உன் வாயால சொல்லு. அவர் தலைய ஆட்டுனா, நானே கூண்டத் தூக்கிட்டு வந்து உன் வண்டில வெக்கறேன்... வாய்ஸ் மெசேஜா? அவர்கிட்ட இருக்கறது பட்டன் போனு. மெசேஜ் போட வேணாம், நாளைக்கும் வேணாம். இப்பவே கேளு. பத்தடி தள்ளிதான் நிக்கறாரு, ரெண்டாவது வரிசைல நாயத் தேட விட்டுட்டு.

டாடி... டாடி, இங்க வாங்களேன். நோயலு. போன்ல... ஆமா, போன்லதான், வாசலுக்குப் போகாதீங்க. இங்க, கிச்சனுக்கு வாங்க.

வராருடா. மெதுவாதான் வருவாரு, இரு. ஸ்பீக்கர் போடறேன். ஹலோ சொல்லவே அவருக்குக் கொஞ்ச நேரம் ஆகும். சத்தம் ஒரு மாதிரி இருக்கும், பயந்துடாத. நடுவுல நீ பேசாத, அவர் முடிக்கட்டும்... டேய், நீ தள்ளு, கால்ல மிதிபடப் போற... உன்ன இல்லடா, நாய. நீ இரு.

சொல்லுங்க டாடி... ம்... அவசரமே இல்ல. அவன் இருக்கான், கேக்கறான்... ம்... சொல்லிட்டீங்க, அதான், சொல்லிட்டீங்க. நோயல், கேட்டுச்சா? உன் பேரு சொன்னாருடா... நோயல்... டேய் நோயல்... ஹலோ... ஹலோ...

இல்ல டாடி. கட்டாயிடுச்சு. அங்க டவர் சரியில்ல... ஆமா, அவனேதான் பேசுனான். உங்களப் பத்திதான் இவ்ளோ நேரம் கேட்டுட்டிருந்தான்... நாயா? நாளைக்கு வந்து எடுத்துட்டுப் போலாம்னு இருந்தானாம். அப்பறம் வேணாம்னு சொல்லிட்டான். டாடிகிட்டயே இருக்கட்டும்க்கா, அவருக்குத் துணையா இருக்கும்னு அவனேதான் சொன்னான்.