அழவைக்காத கைகள்

போதகர் அர்ன்தீஸ் அம்மையார் அவர்களே! முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மூத்த மருத்துவர் க்ரிமூர் அவர்களே! சால்வோர் அம்மையாரை இழந்து நிற்கும் அவர் கணவர், நண்பர் ஓட்கெயிர் அவர்களே! சக்கர நாற்காலிகளிலும், பெற்றோர் மடியிலும், ஊன்றுகோல்களைச் சுவரில் சாய்த்துவிட்டுத் தரையிலும் அமர்ந்திருக்கும் பிள்ளைகளே! இந்தப் பனிக்காற்றில் மலைப்பாதை கடந்து நம் செல்ஃபோஸ் ஊருக்கு வந்து சேர்ந்த பெரியோர்களே! உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

என் பெயர் எய்விந்தூர். இயன்முறை மருத்துவர் சால்வோர் அம்மையாரோடு ஒரே அறையில், ஒரே மேசையின் எதிர்ப்பக்கத்தில், தலை நரைக்கும்வரை வேலை பார்த்தவன். எனக்கு மேடைப் பேச்சு வராது. அம்மையாரே சொல்வார்: “எய்விந்தூர், நீ வாயத் திறந்தா குதிரைகூட தூங்கிடும்.” இன்று அவருக்காகப் பேச வேண்டிய இடத்தில் என்னைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டுப் போய்விட்டாரே! பொறுத்துக்கொள்ளுங்கள்.

சால்வோர் அம்மையார் செய்த சேவை என்ன? ஒரே வரியில் சொல்லலாம். நம் ஊர்ப் பிள்ளைகளை அழவைக்காமல் வைத்தியம் செய்தார். அவ்வளவுதான். அந்த ஒரு வரிக்கு அவர் எத்தனை பாடுபட்டார் என்பதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

மூளை முடக்குவாதம் வந்த பிள்ளைக்குக் கோளாறு காலில் தொடங்குவதில்லை. காலுக்கு மூளை அனுப்பும் கட்டளையில்தான் தொடங்குகிறது. தசை விறைத்துக்கொள்கிறது. பிள்ளை வளர வளர எலும்பு நீளும். விறைத்த தசை அதற்கு ஈடுகொடுத்து நீளாது. குதிகால் தரையைத் தொடாது. தொடைகள் கத்தரிக்கோல் போலப் பின்னிக்கொள்ளும். அதற்கு அன்று எல்லோரும் கற்றுக்கொடுத்த வழி ஒன்றே ஒன்று: பிடித்து இழு. காலையில் இழு, மாலையில் இழு. பெற்றோருக்கும் சொல்லிக்கொடு, அவர்களும் இழுக்கட்டும். பிள்ளை அலறினால்? பல்லைக் கடித்துக்கொள். நல்லதுக்குத்தானே!

போர்குர் என்ற குதிரைப்பண்ணைக்காரருக்குச் சுன்னேவா என்று ஒரு மகள். அப்போது அவளுக்குப் பள்ளி செல்லும் வயதுகூட ஆகவில்லை. ஒருநாள் காலை போர்குர் மட்டும் தனியாக வந்து எங்கள் அறை வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை.

“சுன்னேவா எங்க? உடம்பு சரியில்லையா?” என்று கேட்டார் சால்வோர்.

“உடம்புக்கு ஒண்ணுமில்ல. நேத்து அவளுக்குக் காலுறை மாட்டிவிடக் குனிஞ்சேன். வெறும் காலுறைதான். காலை உள்ள இழுத்துக்கிட்டு, ‘அப்பா, இன்னைக்கு ஏற்கெனவே இழுத்தாச்சே’ன்னு கெஞ்சறா.” அந்த ஆஜானுபாகுவான மனிதர் தம் இரு கைகளையும் திருப்பிப் பார்த்துக்கொண்டார். “என் கையைப் பாத்து என் புள்ள பயப்படுது சால்வோர். நான் அவளுக்கு அப்பனா இருக்கணுமா, வைத்தியனா இருக்கணுமா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க.”

சால்வோர் எழுந்து வாசலுக்கு வந்தார். பிறகு சொன்னார்: “அப்பாவா இருங்க. மத்தத நான் பாத்துக்கறேன்.”

சொல்லிவிட்டார். ஆனால் எப்படிப் பார்த்துக்கொள்வது என்று அவருக்கே அன்று தெரியாது! நேராக க்ரிமூர் அவர்களின் அறைக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன்.

“இழுக்கறத நிறுத்தப்போறேன்” என்றார்.

“நிறுத்திட்டு?”

“விளையாடப்போறேன்.”

மருத்துவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். ஐயா, நீங்கள் சிரிக்கிறீர்கள், அன்று சிரிக்கவில்லை. “அந்தப் புள்ளையோட கால் மடங்கி ஒரேயடியா இறுகிப்போச்சுன்னா யார் பதில் சொல்றது? நீ சொல்வியா?”

“நான்தான் சொல்லணும்” என்றார் சால்வோர். “ஒரு குளிர்காலம் குடுங்க. கெட்டுப்போச்சுன்னா நானே வேலைய விட்டுப் போயிடறேன்.”

“சரி, விளையாடு. ஆனா கணுக்கால் எவ்வளவு அசையுதுன்னு அளக்கறது நான்தான். உன் கையால அளந்த கணக்கு எனக்கு வேண்டாம்.”

“அதுவும் சரிதான். என்னை நானே நம்பமாட்டேன்.”

நண்பர்களே! அந்தக் குளிர்காலத்தை நான் எப்படி மறப்பேன்? நீச்சல் குளத்துக்குப் பக்கத்தில் வெந்நீர்த் தொட்டி இருக்கிறதல்லவா, அங்கே சுன்னேவாவை மிதக்கவிட்டார். விறைப்பைப் பிடித்து இழுத்தால் அது எதிர்த்து இழுக்கும். வெதுவெதுப்பான நீரில் மெல்ல ஆட்டினால் அது தானே அசந்துபோகும். அசந்த நேரத்தில் சிறுமி தன் காலால் ஒரு பந்தை உதைப்பாள். அவளே உதைப்பாள்! வேறொருவர் நீட்டிய கால் அல்ல. அவள் நீட்டிய கால். தரையில் இருந்தால் அலமாரியின் மேல்தட்டில் பொம்மை இருக்கும். எட்டி எடுக்க வேண்டுமென்றால் பாதத்தைப் பதித்து நிற்க வேண்டும். கதை கேட்க வேண்டுமா? அதற்கென்று செய்த சாய்வுப் பலகையில் நின்றுகொண்டு கேட்க வேண்டும். கதை முடியும்வரை குதிகால் தன் பாட்டுக்குத் தரையில் இருக்கும். அவளுக்கு அது நினைவே இராது.

அப்புறம் போர்குரின் குதிரை. கிழட்டுப் பெட்டைக் குதிரை, முதுகு மேசைபோல அகலம். சேணம் போடாமல், ஒரு கம்பளியை விரித்து, சுன்னேவாவை அதன்மேல் உட்காரவைத்தார்கள். முதலில் முழங்கால்கள் இரண்டும் குதிரையின் முதுகைக் கவ்விக்கொண்டு நின்றன. சால்வோர் ஒரு விரலும் வைக்கவில்லை. குதிரை நடந்தது. உடம்பின் சூடு ஏறியது. லாயத்தைச் சுற்றி வருவதற்குள் அந்தத் தொடைகள் இறங்கி, விரிந்து, இரு பக்கமும் தொங்கின.

“அந்தக் காலைப் பிரிக்க நாங்க ரெண்டு பேர் மல்லுக்கட்டுவோம்” என்றார் போர்குர். “இந்தக் கிழவி தனியாளா முடிச்சுட்டாளே! சம்பளம் யாருக்குக் குடுக்கணும், உங்களுக்கா அவளுக்கா?”

“அவளுக்குப் புல்லு போடுங்க, எனக்குக் காப்பி போடுங்க” என்றார் சால்வோர்.

வசந்தம் வந்தது. க்ரிமூர் அவர்கள் அளந்தார். ஒருமுறை அளந்து, நம்பாமல் மறுபடியும் அளந்தார். “கணுக்கால் இலையுதிர் காலத்துல இருந்த மாதிரியேதான் இருக்கு” என்றார். “கொஞ்சம்கூட முன்னேறலையே சால்வோர்.”

“கெடவும் இல்லையே டாக்டர்! அழவெச்சப்பவும் அவ்வளவுதான் இருந்துது. அழவெக்காமலும் அவ்வளவுதான் இருக்கு. அப்ப எதுக்கு அழவெச்சோம்?”

க்ரிமூர் அவர்கள் அளவுகோலை மடித்துப் பையில் வைத்தார். “அடுத்த புள்ளைக்கும் இப்படியே செய்” என்றார். எதிர்வாதம் செய்துகொண்டே போயிருக்கலாம். கண்ணால் கண்டதை ஒப்புக்கொண்டார். அந்தப் பெருந்தன்மையை இந்தச் சபையில் சொல்லாமல் போனால் சால்வோர் என்னை மன்னிக்கமாட்டார்.

ஆனால் அவர் மந்திரக்காரி அல்லர். அப்படி யாராவது புகழ்ந்தால் எரிந்து விழுவார். தியோர்வி என்ற பையனின் இடுப்பு மூட்டு மெல்ல நழுவத் தொடங்கியபோது, அதை முதலில் கண்டுபிடித்து, எக்ஸ்ரே படம் எடுக்கச் சொல்லி, அறுவைச் சிகிச்சை வேண்டும் என்று சொன்னவர் அவர்தான். பையனின் தாய் கொதித்துப்போனார்: “தண்ணியில விளையாடு, குதிரைமேல விளையாடுன்னு சொல்லியே என் புள்ளையக் கெடுத்துட்டீங்க! இழுத்திருந்தா இப்படி ஆகியிருக்குமா?”

க்ரிமூர் அவர்கள் குறுக்கிட்டு, இழுப்பதால் இது நின்றிருக்காது என்று விளக்கத் தொடங்கினார். சால்வோர் கைகாட்டித் தடுத்தார். “அவங்க திட்டட்டும் டாக்டர். வேற யாரைப் போய்த் திட்டுவாங்க?” பிறகு அந்தத் தாயிடம் சொன்னார்: “எல்லாத்தையும் தடுக்க என்னால முடியாது. முடியும்னு உங்ககிட்ட எப்பவும் சொன்னதில்ல. ஆனா ஆபரேஷன் அன்னிக்கு நான் கூட இருப்பேன்.”

இருந்தார்! ரெய்க்யாவிக் மருத்துவமனையில் பையன் கண் விழிக்கும்வரை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மாவுக்கட்டு பிரித்த பிறகு, கட்டுக்குள் கிடந்து பயந்துபோன அந்தக் கால்களைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், தியோர்வியோடு சீட்டு விளையாடினார். விழுந்த சீட்டைக் காலால் தள்ளிக்கொடுக்கச் சொன்னார். முதல் வாரம் ஒரு சீட்டு நகர்ந்தது. அந்தத் தாய் இன்று இங்கே இருக்கிறார். நீங்கள் காப்பியோடு சாப்பிடப்போகும் கேக் அவர் சுட்டு எடுத்துவந்தது.

சென்ற ஆண்டு சால்வோர் அம்மையாருக்கே பக்கவாதம் வந்தது. எந்த விறைப்போடு போராடினாரோ, அதே விறைப்பு அவருக்கே வந்தது! இடது கை இறுகி முஷ்டியாகிவிட்டது. நான் பார்க்கப் போயிருந்தபோது, ஓர் இளம் இயன்முறை மருத்துவர் அந்த விரல்களைப் பிரித்துக்கொண்டிருந்தார். சால்வோர் கண்ணை மூடி, “கொஞ்சம் நிறுத்துங்க தம்பி” என்றார். “உங்க மேல கோபம் இல்ல.” என் பக்கம் திரும்பினார். நாக்கு குழறியது; ஆனால் சிரித்தார். “எய்விந்தூர், புள்ளைங்களுக்கு வலிக்கும் வலிக்கும்னு ஊரெல்லாம் சொன்னேனே... ரொம்பக் குறைச்சுல்ல சொல்லியிருக்கேன்!”

வீடு திரும்பியபின் அந்தக் கை எங்கே விரிந்தது தெரியுமா? பாத்திரம் கழுவும் வெந்நீரில். ஓட்கெயிர் உடனே, “இத்தனை வருஷம் நான் கழுவினேன். இனிமே வைத்தியம்னு சொல்லி உன் தலையில கட்டிடலாம்” என்றாராம். “அதுக்குப் பதிலா நான் இன்னொரு தடவ பக்கவாதத்துல விழுந்துடறேன்” என்று பதில் வந்ததாம். இந்தக் குளிர்காலம் முடியுமுன் உண்மையாகவே இரண்டாவது முறை விழுந்தார். எழவில்லை. அன்றும் அவர் வாயில் வேடிக்கைப் பேச்சுதான் இருந்தது என்கிறார் ஓட்கெயிர்.

அன்பர்களே! அவர் இல்லை. அவர் வழி இருக்குமா? இருக்கும் என்று நாங்கள், அவரோடு வேலை பார்த்தவர்கள், இந்தச் சபையில் உறுதி சொல்கிறோம். பிள்ளையின் உடம்பைக் கேட்காமல் அதன்மேல் கை வைக்கமாட்டோம். முடியாததை முடியும் என்று எந்தப் பெற்றோரிடமும் சொல்லமாட்டோம். எந்தத் தகப்பனையும் தன் கைகளைக் கண்டு கூசவிடமாட்டோம்.

நேற்று ஒரு தாய் தொலைபேசியில் அழைத்தார். கடலோர ஊர் ஒன்றிலிருந்து. அம்மையார் மறைந்த செய்தியைக் கேள்விப்பட்டிருக்கிறார்.

“அப்ப அவங்களோட வெந்நீர்த் தொட்டி வகுப்பு நடக்காதுல்ல?” என்று தயங்கிக் கேட்டார்.

“தண்ணி சூடாத்தான் இருக்கு. புதன்கிழமை வாங்க” என்றேன்.

“என் பொண்ணுக்குத் தண்ணின்னாலே பயம்ங்க. உள்ளயே இறங்கமாட்டா.”

“அப்ப இறங்க வேண்டாம்” என்றேன். “கரையில உக்காரட்டும். அவளுக்கா எப்பத் தோணுதோ, அப்பக் காலை நனைக்கட்டும். நாங்க காத்திருக்கோம்.”

வணக்கம்.