வைப்ரபோனின் கீழ்ப்பக்கம்

"இந்த மனுசன் ட்ரம்பெட் ஊதியிருந்தா எனக்கு நாரி நொந்திருக்காது."

வில்லரேக்குப் போகும் மெட்ரோவில், எனக்கு முன்னால் இருந்த பெண் இடுப்பைப் பிடித்தபடி தன் தோழியிடம் சொன்னாள்.

"இப்ப என்ன வாசிக்கிறார்?"

"வைப்ரபோன். கட்டிலளவு சட்டத்தில உலோகத் தகடுகளைப் பரப்பித் தட்டுறது. முந்திக் கலியாண வீடுகளில கீபோர்ட். முன்னேறி முன்னேறி இதுக்கு வந்திட்டார்."

"லத்தீன் ஜாஸ் பாண்டுக்கு அவர்தானே தலைவர்? தூக்கப் பத்துப்பேர் இருக்கினமெல்லோ?"

"மேடையில இருக்கினம். எங்கட மூண்டாம் மாடி வீட்டு வளைஞ்ச படியில நானும் அவரும்தான். அங்கயும் அவர்தான் தலைவர். மேல்பக்கம் பிடிச்சுக்கொண்டு தாளம் சொல்லுவார்."

"நேற்று ஜாஸ் விழாவில சனம் எழும்பி நிண்டு கைதட்டிச்சுதாம்."

"ஓம். நான் மட்டும் தட்டேல்லை."

"ஏன்?"

"பேந்து வீட்டில அதை மேல ஏத்தவேணும். கைக்கு ஓய்வு குடுத்தனான்."