பொதிகுதிரையும் மளிகைக்காரனும் மனித ஆன்மாவும்

அவைக்குத் தலைமை தாங்கும் ஆசிரியர் ஞானவேல் அவர்களே! மாறுதலாகிப் போவதால் நம்மை மனம் மருகவைக்கும் மதிப்பிற்குரிய சவரிராயர் அடிகளாரே! மேல்மலையிலிருந்து பனியைப் போர்த்திக்கொண்டு வந்திருக்கும் பெரியோர்களே! பிள்ளைகளோடும் பிளாஸ்க்குகளோடும் அமர்ந்திருக்கும் தாய்மார்களே! பெருமாள்மலை மளிகைக்கடை அலாவுதீனின் பணிவான வணக்கம்.

தத்துவம் போதிக்கும் அடிகளாரை வழியனுப்ப, துவரம்பருப்பு விற்பவன் பேசலாமா? பேசலாம்! அவர் தத்துவத்தை மெய்ப்பித்தவனே நான்தான்!

சென்ற ஐம்பத்தெட்டாம் ஆண்டு, பூண்டு விவசாயி பழனிமுத்துவின் பொதிகுதிரை என் கடைவாசலில் கேரட்டைக் கண்டது, கவ்வியது, கடித்தது. கொண்டேன் கோபம்! எடுத்தேன் எடைக்கல்! எறிந்தேன்! முன்னங்கால் முடங்கியது. பழனிமுத்து ஓடிவந்தார்.

“என்னாச்சுங்க பாய்?”

“வழுக்கி விழுந்துருச்சுங்க” என்றேன்.

குதிரையின் காலடியைக் குனிந்து பார்த்துவிட்டு, அதை நடத்திப் போனார். என்னம்மா, ‘அடப்பாவி’ என்கிறீர்களா? அதைத்தான் பத்து நாளாக நானும் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்!

பத்தாம் நாள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அடிகளாரின் சொற்பொழிவு. நான் போனது ஆன்மாவுக்காக அல்ல; அங்கே கொடுத்த தாண்டிக்குடிக் காப்பிக்காக. முன்வரிசையில் பழனிமுத்து! அடிகளார் தொடங்கினார்: “குதிரைக்குக் கண் உண்டு, காது உண்டு, நினைவும் உண்டு.”

ஆடு இல்லையா? மாடு இல்லையா? குதிரையைத்தானா எடுக்க வேண்டும்?

“ஆனால், ‘நான் செய்தது சரியா?’ என்று குதிரை தன்னைக் கேட்காது. மனிதன் கேட்பான். மூளையை அறுத்துப் பார்த்தாலும் அந்தக் கேள்வி குடியிருக்கும் இடம் தெரியாது. தன்னையே திரும்பிப் பார்ப்பது ஆன்மா. பார்த்தபின் வேறு வழியில் நடக்கவும் அதற்குச் சுதந்திரம் உண்டு!”

எழுந்தேன். “நான்தான் சாமி அடிச்சேன்!” என்று கத்தினேன்.

அடிகளார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “யாரை?” என்றார்.

பழனிமுத்து திரும்பினார். “எனக்கு அன்னைக்கே தெரியுங்க பாய். எடைக்கல்லு குதிரை காலடியிலதான் கெடந்துச்சு. நீங்க வாயத் தொறப்பீங்களான்னு பார்த்துக்கிட்டிருந்தேன். நாளைக்குக் காலையில வெள்ளனே வந்துருங்க, சோலி கெடக்கு.”

என்ன சோலி? குதிரை தேறும்வரை, நாற்பது நாள், பூண்டு மூட்டை மலையிறங்கியது என் முதுகில்! ‘நாங்களும் பார்த்தோம்’ என்று சிரிக்கிறீர்களே, ஒருவராவது கைகொடுத்தீர்களா?

அன்பர்களே! கல்லை எறிந்தது கை. பொய்யைச் சொன்னது வாய். எழுந்து நின்றது எது? அதட்டியவர் யார்? அடித்தவர் யார்? எவருமில்லை! அடிகளார் தொழும் முறை வேறு, பழனிமுத்து கும்பிடும் முறை வேறு, என் தொழுகை வேறு. ஆனால் அன்று எழுந்து நின்றது எது என்பதில் எங்கள் மூவருக்கும் கருத்து வேற்றுமை கிடையாது!

அடிகளாரின் பயணம் இனிதாகட்டும். சிரித்தும் பொறுத்தும் செவிகொடுத்த உங்களுக்கு நன்றி கூறி அமர்கிறேன். வணக்கம்!