ஒரு ஆளுக்கு ஒரு ஈமெயில்

— இன்னொரு தடவை அடி.

— அடிச்சிட்டேன் சார். மறுபடியும் செவப்புலதான் எழுத்து வருது.

— பாஸ்வேர்டு தப்புன்னு அர்த்தம். ஏம்ப்பா திம்மராயா, நேத்து நீயே வெச்ச பாஸ்வேர்டு இன்னைக்கு உனக்கே தெரியலன்னா எப்பிடி?

— அதான் சார் எனக்கும் புரியல...

— இந்தா, கம்ப்யூட்டர் ரூம் நோட்டுல எழுதியிருக்கு பாரு. 'புதன்கிழமை, பதினொண்ணு இருபது. லேப் அட்டெண்டர் திம்மராயன் பாஸ்வேர்டு வைத்தார். யாரிடமும் சொல்லக்கூடாது என்று கண்டித்துச் சொல்லப்பட்டது.'

— அது... ரொம்ப நல்லாவே சொல்லியிருக்கீங்க சார். பக்கத்துலயே உக்காந்து நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க?

— நானா? ...ஆமாமா, நான்தான். புரியற மாதிரி சொல்லிக் குடுத்தேனா?

— குடுத்தீங்க... குடுத்திருப்பீங்க சார்.

— என்னாப்பா இழுக்கற?

— ஒண்ணுமில்லீங்க. பீக்கர் கழுவறவனுக்கு எதுக்கு சார் இந்தக் கருமம்?

— சேர்மன் ஆர்டர். ரெண்டாயிரமாவது வருஷம் பொறக்கறதுக்குள்ள ஓசூர் ஸ்கூலு, மத்தூர் ஐ.டி.ஐ., ஜூஜுவாடியில நம்ம பாலிடெக்னிக்கு, மூணுலயும் ஒரே மாதிரி ஈமெயில் முகவரி இருக்கணுமாம். பேரு, ஒரு புள்ளி, வேலையில சேந்த வருஷம். இவ்வளவு நாளு அவனவன் இஷ்டத்துக்கு வெச்சிருந்தான். கெமிஸ்ட்ரி அக்பர் பாஷா சார் என்ன வெச்சிருந்தாரு தெரியுமா? 'சிங்கக்குட்டி ஏழு'.

— ஏழா?

— முன்னாடியே ஆறு சிங்கக்குட்டி இருந்துச்சாம். அதுல இருந்து யுனிவர்சிட்டிக்கு எழுதிப் போட்டுட்டாரு. 'அன்புள்ள சிங்கக்குட்டி அவர்களுக்கு'ன்னு பதில் வந்துச்சு. சேர்மன் பாத்துட்டாரு. அன்னைக்குப் புடிச்ச சனியன் இது.

— சரிங்க சார், அவரு வாத்தியாரு. கூட்டிப் பெருக்கற சென்னம்மாவுக்குக்கூட ஒண்ணு குடுத்திருக்கீங்களே, அதுக்கு யார் சார் மெயில் போடுவாங்க?

— ஏன், திங்கக்கிழமை பிரின்சிபாலே போட்டாரே. 'என் ரூமைக் கூட்டவும்'னு.

— அது அவரு ரூமைத்தானே கூட்டிட்டிருந்திருக்கும்?

— ஆமா. பாதியில வெளக்கமாத்தை வெச்சுட்டு இங்க வந்து, என்னை... படிச்சுக் காட்டச் சொல்லிக் கேட்டுட்டு, திரும்பிப் போயி மிச்சத்தைக் கூட்டுச்சு. அதெல்லாம் இருக்கட்டும். உன் கதைக்கு வா. பன்னெண்டு மணிக்குள்ள மெயில் பொட்டியத் தொறக்காத ஆளு பேரை ரோல்ல இருந்து எடுத்துடுவாங்க.

— எடுத்துடுவாங்கன்னா... வேலையில இருந்தா?

— பின்ன? ரோல்ல இருக்கறவன் நெசமாவே இருக்கானா, இல்ல ஒருத்தன் பேர்ல இன்னொருத்தன் வந்துட்டுப் போறானான்னு பாக்கத்தான் இத்தனை கூத்தும். 'ஒரு ஆளுக்கு ஒரு முகவரி. ஒரு முகவரிக்கு ஒரு ஆள்.' நோட்டீஸ் போர்டுல ஒட்டியிருக்கே, பாக்கல?

— பாத்தேன் சார். பாத்ததுல இருந்து சோறு எறங்கல... சார், நான் இருக்கேனே. உங்க கண்ணு முன்னாடியே நிக்கறேனே.

— நிக்கற. கம்ப்யூட்டருக்குத் தெரியணுமேப்பா.

— பதினோரு வருச வேலை சார். இது போச்சுன்னா ரெண்டு குடும்பம் நடுத்தெருவுல நிக்கும்.

— ரெண்டா?

— அது... பெரிய குடும்பம் சார். சேத்து ரெண்டு குடும்பம் அளவுக்கு இருக்கும். திங்கக்கிழமை வந்து தொறந்துடட்டுங்களா? திங்கக்கிழமைன்னா கண்டிப்பா ஞாபகம் வந்துடும்.

— மறதிக்குக் கெழமை வேறயா?

— இல்லன்னா கெலவரப்பள்ளி டேம்கிட்ட எங்க வீடு வரைக்கும் சைக்கிள்ல ஒரு மிதி மிதிச்சுட்டு வந்துடறேன்.

— டேம் தண்ணிக்குள்ள போட்டு வெச்சிருக்கியா பாஸ்வேர்டை? மணி பதினொண்ணே முக்கால்யா! இரு, நோட்டுல ஏதோ வழி போட்டிருக்கு... 'மறந்தவர்கள் கீழே உள்ள கேள்வியை அமுக்கவும்.' அமுக்கு.

— அமுக்கினேன்... சார், எல்லாம் போச்சு! வெள்ளையா ஆயிடுச்சு!

— ஹாஸ்டலுக்கும் நமக்கும் ஒரே லைனு, அங்க யாரோ போனை எடுத்துட்டாங்க! ஏம்மா! யாரது லைன்ல? போனை வைம்மா, ஈமெயில் ஓடுது!

— ...வந்துடுச்சு சார். இங்கிலீஷ்ல ஏதோ கேக்குது.

— 'உங்கள் மனைவி பேர் என்ன?' அப்பாடா! நேத்து நீயே குடுத்துட்டுப் போன பதிலு. இதாவது தெரியுமா?

— தெரியாமயா சார்? சாந்தம்மா!

— சாந்தம்மா... தப்பாம்.

— ஐயோ.

— யோவ், பொண்டாட்டி பேருய்யா!

— சாந்தம்மாதான் சார்! தாலி கட்டின நாள்ல இருந்து சாந்தம்மாதான்!

— இல்லங்குதே. இன்னும் ஒரே ஒரு தடவைதான் விடுமாம்.

— இருங்க சார்... கொஞ்சம் யோசிக்கறேன்.

— பொண்டாட்டி பேருக்கு யோசிக்கற மொத ஆளு நீதான்யா.

— ...மங்கம்மா.

— மங்கம்மா... அட, தொறந்துக்கிச்சு!

— அப்பா! பொழச்சேன்.

— எங்க பொழச்ச? யாருய்யா மங்கம்மா? ரெண்டு பொண்டாட்டின்னு தெரிஞ்சா சேர்மன் இன்னைக்கே சீட்டக் கிழிச்சுடுவாரு!

— அபாண்டம் சார்! மங்கம்மா எங்க அண்ணி.

— அண்ணி பேரைப் பொண்டாட்டின்னு எழுதி வெச்சியா? தூ! இது அதைவிடக் கேவலம்!

— நான் வெக்கல சார்! எங்கண்ணன் திம்மப்பன் வெச்சான்! அவன் பொண்டாட்டி பேரை அவன் வெச்சான்!

— உங்கண்ணன் எங்கய்யா இங்க வந்தான்? வாயத் தொற.

— திங்கள், செவ்வாய், புதன் அவன்தான் சார் வருவான். வியாழன், வெள்ளி, சனி நான். ரெட்டைப் பசங்க சார் நாங்க. மூஞ்சி ஒண்ணுதான்.

— பதினோரு வருசமாவா!

— எங்கப்பா இங்க வாட்ச்மேனா இருந்தாரு. அவரு செத்ததும் வேலை வீட்டுக்கு வந்துச்சு. பாகம் பிரிச்சப்ப, நெலத்துல ஆளுக்குப் பாதி, மாட்டுல காலைப் பாலு அவனுக்கு, சாயங்காலப் பாலு எனக்கு, வேலையில ஆளுக்கு மூணு நாளுன்னு பிரிச்சுட்டாங்க. பத்திரத்துலயே இருக்கு சார். சாட்சிக் கையெழுத்தோட.

— அடப் பாவிகளா... சரி, பாஸ்வேர்டு என்னன்னு அவனையே கேக்கறதுதானே?

— கேட்டேன் சார். 'யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு ஆபீஸ்ல சொல்லியிருக்காங்க, தம்பின்னாலும் சொல்ல முடியாது'ன்னுட்டான். அவன் நாணயஸ்தன் சார்.

— பதினோரு வருசமா ஊரையே ஏமாத்திட்டு, நாணயஸ்தனாம்!

— சார், சேர்மன்கிட்ட சொல்லிடாதீங்க. உங்க காலைப் புடிச்சுக் கேக்கறேன். நாங்க ரெண்டு பேரும் சேந்துதான் சார் ஒரு ஆளு...

— கதவைச் சாத்து.

— சார்...

— மொதல்ல காலை விடுய்யா. போய்ச் சாத்திட்டு வா. உங்க ரெண்டு பேருக்கும் கொஞ்சமாவது கூறு இருக்கா? ஒரே வேலையை ரெண்டு பேரு பாத்தா, வீட்டுக்குப் போனதும் எல்லாத்தையும் ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்க வேணாமா?

— இந்த யோசனையை நேத்தே எங்கண்ணன்கிட்ட சொல்லியிருக்கலாமே சார்?

— நேத்து இங்க உக்காந்திருந்தது எங்கண்ணன்யா.