கத்துன பாறை

தாது வருசப் பஞ்சத்துக்கும் முந்தி நடந்ததுங்க. நம்ம வேலாங்காட்டுல செங்காளின்னு ஒரு ரண வைத்தியர் இருந்தாராமா. என்ற பாட்டனுக்குப் பூட்டன். வெட்டுக் காயமா, செங்காளி. கட்டி கிழிக்கோணுமா, செங்காளி. கத்தியை எடுத்தா கை நடுங்காதாம்.

அவருக்கு ஒரே தங்கச்சி, பாவாயி. மழை பொய்ச்ச ஒரு சித்திரையில, அவ ஊரு நெலமெல்லாம் வெச்சிருந்த பெரிய பண்ணாடி கெணத்துல ஒரு குடம் தண்ணி சேந்திட்டா. ஒரே ஒரு குடம்.

"என்ற கெணத்தைத் தொட்டவ மூக்கை அறுங்கடா"ன்னானாமா பண்ணாடி. அறுத்துப்போட்டாங்க.

செங்காளி அழுகலையாம். ஒரு எலையை மூக்களவுக்குக் கத்தரிச்சு, தங்கச்சி நெத்தியில வெச்சு, அந்த அளவுக்கே தோலைக் கீறி, கீழ மடிச்சு மூக்காத் தெச்சாராமா. பாவாயி பொழைச்சுக்கிட்டா. நெத்தியில மட்டும் எலையாட்டம் தழும்பு.

ஏழு வருசம் போச்சு. பண்ணாடிக்கும் பங்காளிக்கும் வரப்புத் தகராறு. பங்காளி பண்ணாடி மூக்கையே அறுத்துப்போட்டான். முகத்தை மூடிக்கிட்டு வண்டியில வந்தானாமா பண்ணாடி.

"செங்காளி, என்ற மூக்கைத் தெச்சுக் குடு. காடு தோட்டம் எழுதித் தாரேன்."

"காடு வேண்டாமுங்க. சந்தையன்னைக்கு உச்சிப்பொழுதுல, சந்தைக்குப் பக்கத்துல இருக்கற அந்தப் பாறைக்கு வாங்க."

சந்தைச் சனமெல்லாம் பாறையைச் சுத்தி நின்னுதாம். பண்ணாடி படுத்தான். அவன் தலையைப் புடிச்சது ஆரு? பாவாயி.

"அபின் குடுறா, வலி தாங்க மாட்டேன்."

"என்ற தங்கச்சிக்கு அபின் குடுத்துட்டா அறுத்தீங்க? இவ மூக்கு எதுக்குப் போச்சு? சனத்துக்குச் சொல்லுங்க. அப்பறந்தான் கத்தி வெப்பேன்."

"ஒரு குடம் தண்ணிக்கு"ன்னானாமா.

"கேக்கலீங்க."

"ஒரு குடம் தண்ணிக்குடா!"

"பின்னால நிக்கறவங்களுக்குக் கேக்கலீங்க."

மூணாந்தரம் தொண்டை கிழியக் கத்தினானாம். அப்பறந்தான் கத்தி எறங்குச்சு. தலைப்பாக் கட்டுனாலும் மறையாத எடமாப் பாத்து, புருவத்தை ஒட்டிக் கீறினாராமா. கத்தறான், கத்தறான், பக்கத்தூருக்கே கேட்டுதாம். மூக்கு என்னமோ அச்சு அசலா வந்துருச்சு. வேலையில அவரு கொறை வெக்கலை.

தெச்சு முடிச்சுத் தங்கச்சியைக் கேட்டாராம், "மனசு ஆறுச்சா, பாவாயி?"

"இல்லீங்ண்ணா. இன்னும் கத்தட்டும்."

பொழுது எறங்கற வரைக்கும் அவன் தலையை விடலையாம் அவ.

அப்ப இருந்து அது கத்துன பாறை. இன்னைக்கும் பண்ணாடி வீட்டு ஆம்பளைங்க அதைத் தாண்டறப்போ, தலைத்துண்டை அவுத்து நெத்தியைக் காட்டிட்டுத்தான் போகோணும். காட்டாமப் போனா, நம்ம வீட்டுப் பொம்பளை ஆரு வேணும்னாலும் கூப்பிட்டு நிறுத்தலாம்.

நானே ரெண்டு பேரை நிறுத்தியிருக்கறேன்.