வெள்ளிக்கிழமைப் புகை

அடுத்தவர் பேச்சுக்குக் காது கொடுத்து, இறங்க வேண்டிய ஆலப்பாக்கத்தைக் கோட்டை விட்ட முட்டாள் நான். கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற பஸ். முன் சீட்டில் இரண்டு ஆராய்ச்சி மாணவர்கள். அதில் ஒருவன் சொன்னதுதான் என்னைக் கவிழ்த்தது.

"மச்சான், என் மெஷினுக்கு வாராவாரம் சாம்பிராணி காட்டியிருக்காங்கடா."

"எந்த மெஷினு?"

"காத்துல புகை அளக்குற மெஷின்தான். திருப்பாதிரிப்புலியூர்ல ஹவுஸ் ஓனர் அக்கா மாடியில வச்சிருக்கேன்ல. வெள்ளிக்கிழமை சாயங்காலமானா அளவு எகிறும். ஏதோ ஃபேக்டரி திருட்டுத்தனமா புகை விடுதுன்னு கம்ப்யூட்டர்ல மாடலே போட்டுட்டேன். காத்தடிக்கிற திசைகூட அம்சமா பொருந்துச்சு. என்னை நானே மெச்சிக்கிட்டேன்டா! நேத்து மாடிக்குப் போனா, மெஷினுக்குச் சந்தனம் குங்குமம் வச்சிருக்கு."

"இன்னைக்கு கைடுகிட்ட ரிப்போர்ட் குடுக்கணுமே?"

"ஆமாடா, அதுக்குத்தான் போயிட்டிருக்கேன்."

"வெள்ளிக்கிழமைய மட்டும் அழிச்சிடு."

"அழிச்சா நான்தான் திருடன். உண்மையச் சொல்லி, திட்டு வாங்கிட்டு, மறுபடி அளக்க வேண்டியதுதான்."

உடனே செல்போனை எடுத்தான்.

"அக்கா, கொஞ்ச நாளைக்கு சாம்பிராணி வேணாங்க்கா."

அந்த அக்காவின் குரல் பின் சீட்டில் இருந்த எனக்கே கேட்டது.

"மெஷின இறக்கிக்கப்பா, சாமிக்கு லீவு கிடையாது."